வெளியாள் போட்ட பட்டியல்: ஃபிலடெல்ஃபியாவும் என்.எஃப்.எல். ட்ராஃப்ட்டும்

1999 ஏப்ரல் 17. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி தன் முதல் தேர்வாக டோனவன் மெக்னாப் என்ற 22 வயது குவார்ட்டர்பேக்கை எடுத்திருக்கிறது என்று மேடையில் அறிவிக்கிறார்கள். அரங்கில் ஒரு மூலையிலிருந்து "பூ" என்று கூச்சல் எழுகிறது. எதிரணி ரசிகர்கள் இல்லை, ஈகிள்ஸ் ரசிகர்களேதான். சுமார் முப்பது பேர். ஊர் வானொலி ஒன்றின் காலை நிகழ்ச்சிக்காரர் ஆஞ்சலோ கட்டால்டி ஏற்பாடு செய்த கூட்டம் இது. ஒரே நோக்கத்தோடு வந்தவர்கள்: ரிக்கி வில்லியம்ஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தே ஆக வேண்டும். எடுக்கவில்லை, அதனால் கூச்சல். அம்மா அப்பாவோடு வந்த ஓர் இளைஞன், வாழ்க்கையிலேயே பெரிய நாளில், புது ஜெர்சியோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முரட்டு ஊர், முரட்டு ரசிகர்கள்" என்று சொல்லி அமெரிக்கப் பத்திரிகைகள் இந்தக் கதையை முடித்துவிடும். எனக்கு அது போதவில்லை. அந்த முப்பது பேர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. யார் முதலில் போவார், யார் இரண்டாவது, நமக்கு யார் வேண்டும் என்று மாதக்கணக்கில் வாதாடிப் போட்ட பட்டியல். இதற்கு அங்கே 'மாக் ட்ராஃப்ட்' என்று பெயர். ஒத்திகைத் தேர்வு என்று வைத்துக்கொள்ளலாம். அணியின் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவனுக்கு, அணி யாரை எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடும் உரிமை எங்கிருந்து வந்தது? அந்த வரலாற்றைத்தான் இந்தக் குறிப்பில் தேடுகிறேன். ஃபிலடெல்ஃபியாவை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. ட்ராஃப்ட் என்ற ஏற்பாடு பிறந்ததே அந்த ஊரில்தான்.

ட்ராஃப்ட் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, வீசுகிற, முட்டி மோதுகிற ஆட்டம். கல்லூரியில் ஆடி முடித்தவர்களைத் தொழில்முறை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் வந்து எடுத்துக்கொள்வதுதான் ட்ராஃப்ட். போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி.

நம்மூர் வாசகர்களுக்கு ஐபிஎல் ஏலம் ஞாபகம் வரும். ஆனால் இது ஏலம் இல்லை. ஏலத்தில் இரண்டு அணிகள் போட்டி போட்டால் விலை ஏறும், பணம் ஆட்டக்காரருக்குப் போகும். ட்ராஃப்ட்டில் போட்டியே கிடையாது. ஓர் அணி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த அணியோடு மட்டும்தான் நீங்கள் பேச முடியும். சொல்லப்போனால், விலை ஏறாமல் தடுக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஹோட்டல் அறை, 1936

கண்டுபிடித்தவர் பெர்ட் பெல். பணக்கார ஃபிலடெல்ஃபியா குடும்பம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பழைய குவார்ட்டர்பேக், ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர். அவர் அணியோ படு மோசம். 1935இல் 2 வெற்றி, 9 தோல்வி. நல்ல கல்லூரி ஆட்டக்காரர்கள் எல்லாம் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கோ சிகாகோ பேர்ஸுக்கோ போய்விடுவார்கள். மினசோட்டாவின் ஸ்டான் கோஸ்ட்கா என்ற ஆட்டக்காரருக்காக பெல்லும் ப்ரூக்ளின் அணியும் ஒருவரை மிஞ்சி ஒருவர் விலை சொல்ல, கடைசியில் ப்ரூக்ளின் அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கசப்பில்தான் 1935 மே மாதக் கூட்டத்தில் பெல் தன் யோசனையை வைத்தார். பலவீனமான அணிகள் மேலே வந்தால்தான் லீக் முழுவதும் பிழைக்கும் என்பது அவர் வாதம். பலமான அணிகளின் முதலாளிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாமல் என்ன? சம்பளம் குறையுமே.

1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் ட்ராஃப்ட் நடந்தது. 9 அணிகள், 9 சுற்றுகள், 81 பெயர்கள். சுவரில் இருந்த பலகையில் சுமார் 90 பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியும் இல்லை, ரசிகர்களும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விவரத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? அன்றைக்கு எந்த அணியிடமும் ஆள் பார்க்கும் துறை என்று ஒன்று கிடையாது. ஜயன்ட்ஸ் முதலாளியின் மகன் வெலிங்டன் மாரா, அப்போது 19 வயது. வெளியூர்ப் பத்திரிகைகளைச் சந்தா கட்டி வரவழைத்து, கல்லூரி ஆட்டச் செய்திகளைப் படித்துக் குறிப்பெடுத்து வைப்பது அவருக்குப் பழக்கம். அந்தக் குறிப்புகள் அன்று பெரிதும் கைகொடுத்தன. அதாவது, பத்திரிகை படித்துப் பட்டியல் போடும் ஓர் இளைஞனின் வேலை ட்ராஃப்ட்டின் முதல் நாளிலேயே அந்த அறைக்குள் இருந்தது. பின்னாளில் லட்சக்கணக்கான ரசிகர்கள் செய்ததும் இதையேதான். ஒரே வித்தியாசம், மாராவின் அப்பாவுக்குச் சொந்தமாக ஓர் அணி இருந்தது.

முதல் தேர்வு ஈகிள்ஸுக்கு. பெல் சொன்ன பெயர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகம், முந்தைய ஆண்டில்தான் முதன்முதலாக ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர். அவர் கேட்ட சம்பளம் பெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. உரிமையை பேர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார். அங்கேயும் பேரம் படியவில்லை. பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வேறு வேலைக்குப் போனார். அந்த 81 பேரில் பெரும்பாலானோர் அப்படித்தான் வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். ஈகிள்ஸ் அந்த வருடம் 1 வெற்றி, 11 தோல்வி. அடுத்த ட்ராஃப்ட்டிலும் முதல் வாய்ப்பு அவர்களுக்கே. வறியவனுக்குக் கைகொடுக்கத் தொடங்கிய ஏற்பாடு, முதல் வறியவனுக்கே உதவவில்லை.

பலகையில் எழுதப்படாத பெயர்கள்

அந்தப் பலகையில் கறுப்பர் ஒருவரின் பெயரும் இல்லை. 1933க்குப் பிறகு 1946 வரை என்.எஃப்.எல்.லில் கறுப்பர் யாரும் ஆடவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிகளுக்குள் ஒரு புரிதல், அவ்வளவுதான். யூ.சி.எல்.ஏ. கல்லூரியின் கென்னி வாஷிங்டன் 1939 பருவத்தில் நாட்டிலேயே முன்னணியில் நின்றவர். 1940 ட்ராஃப்ட்டில் இருபது சுற்றுகள் போனபோதும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. 1946இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் மாறி, பொதுப்பணத்தில் கட்டிய மைதானத்தைக் கேட்டபோது உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அதன் பிறகே அவருக்கு இடம் கிடைத்தது. ட்ராஃப்ட்டில் ஒரு கறுப்பரின் பெயர் முதன்முதலாக ஒலித்தது 1949இல்: ஜார்ஜ் டாலியஃபெரோ, பேர்ஸ் அணி, 13ஆவது சுற்று.

இதற்குப் பிறகும் தெற்கு மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளை அணிகள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பத்திரிகைக்காரர். 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின வார ஏட்டின் பில் நன், அந்தக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர்களை வருடாவருடம் பட்டியல் போட்டு வெளியிட்டு வந்தார். உள்ளூர் அணியான ஸ்டீலர்ஸ் அந்தப் பட்டியலைச் சட்டை செய்யவில்லை. அந்தக் குறை அணியின் டான் ரூனி காதுக்குப் போனது. கூப்பிட்டுப் பேசினார், 1960களின் பிற்பகுதியில் வேலையும் கொடுத்தார். 1974 ட்ராஃப்ட்டில் ஸ்டீலர்ஸ் எடுத்த நால்வர் (லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வர்த், மைக் வெப்ஸ்டர்) பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். இதில் ஸ்டால்வர்த் அலபாமா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினக் கல்லூரிக்காரர், நன் கண்டெடுத்தவர். அதே வருடம் ட்ராஃப்ட்டில் யாருமே எடுக்காமல் விட்ட டானி ஷெல்லும் தென் கரோலினாவின் ஒரு கறுப்பினக் கல்லூரியிலிருந்து வந்து ஸ்டீலர்ஸில் சேர்ந்தார். அவரும் பிறகு ஹால் ஆஃப் ஃபேம் போனார்.

வெளியாள் ஒருவர் போட்ட பட்டியல் உள்ளே இருந்தவர்களின் பட்டியலைவிடச் சரியாக இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. இது வெறும் திறமைக் கதை இல்லை. உள்ளே இருந்தவர்கள் எதைப் பார்க்க மறுத்தார்களோ, அதைப் பார்க்கும் இடத்தில் நன் இருந்தார்.

கணிப்பொறியும் ஒரு குரேஷியும்

இதற்கிடையில் உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1963இல் சில அணிகள் செலவைப் பகிர்ந்துகொண்டு கூட்டாக ஆள் பார்க்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. டல்லஸ் கௌபாய்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அணித் தலைவர் டெக்ஸ் ஷ்ராம், ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்றில் புள்ளியியல் பார்த்துக்கொண்டிருந்த சலாம் குரேஷி என்ற இந்தியரைப் பிடித்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர். அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவகையில் அதுவே நல்லதாகப் போனது.

ஆள் பார்ப்பவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாஷை பேசுவதை அவர் கவனித்தார். ஒருவருக்கு "வேகம்" என்பது ஓட்டம், இன்னொருவருக்குத் திரும்பும் லாவகம். கணக்குப் போடுவதற்கு முன் சொற்களுக்குப் பொருள் வரையறுத்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான குணங்களைச் சலித்துச் சலித்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சில தலைப்புகளுக்குள் கொண்டுவந்தார்கள்: குணநலம், உடல் கட்டுப்பாட்டோடு கூடிய வேகம், போட்டி மனம், புத்திக்கூர்மை, பலம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இன்றைக்கு இணையத்தில் எந்த ரசிகனும் "இவனுக்கு 90, அவனுக்கு 84" என்று பேசுகிறான் இல்லையா, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அன்று அது கம்பெனி ரகசியம். ரசிகனுக்கு ட்ராஃப்ட் என்பது மறுநாள் பேப்பரில் சின்ன எழுத்தில் வரும் பெயர் வரிசை மட்டுமே.

தோற்கச் சொல்லி வேண்டிக்கொண்ட ஊர்

ஆனாலும் ரசிகனுக்கு வரிசை புரிந்துவிட்டது. கடைசியில் வந்தால் முதல் வாய்ப்பு. அப்படின்னா தோற்பதே லாபம்! 1968இல் ஃபிலடெல்ஃபியா அந்தக் கணக்கில் இறங்கியது. ஈகிள்ஸ் முதல் 11 ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ட்ராஃப்ட்டில் எல்லோரும் கண் வைத்திருந்தது ஓ.ஜே. சிம்ப்சன் மேல். இன்னும் மூன்று ஆட்டம் தோற்றால் சிம்ப்சன் நமக்குத்தான் என்று ஊரே கணக்குப் போட்டு வைத்திருந்தது. அணி என்ன செய்தது? அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஜெயித்துத் தொலைத்தது. முதல் தேர்வு பஃபலோவுக்குப் போனது, சிம்ப்சனும் அங்கே போனார். ஈகிள்ஸுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம்.

அந்த டிசம்பர் 15ஆம் தேதி கடைசி ஆட்டத்தில்தான், பனி கொட்டிக் கிடந்த மைதானத்தில், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டு வந்தவர் மேல் ரசிகர்கள் பனிக்கட்டி எறிந்தார்கள். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா ரசிகர்களைத் திட்ட வேண்டுமென்றால் இன்றைக்கும் இந்தச் சம்பவத்தைத்தான் இழுப்பார்கள். அந்தக் கோபத்தில் கோச் மேலிருந்த வெறுப்பும் இருந்தது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ட்ராஃப்ட் ஏமாற்றமும் இருந்தது. பின்னதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

தொலைக்காட்சி வந்த கதை

1980 ஏப்ரல் 29 அன்று ஈஎஸ்பிஎன் ட்ராஃப்ட்டை முதன்முறையாக நேரடியாக ஒளிபரப்பியது. அப்போது அந்தச் சேனலுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. பெயர் வாசிப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அணி முதலாளிகளுக்கே சந்தேகம். அதுவும் செவ்வாய்க்கிழமை காலை! பார்த்தார்கள். 1984இல் மெல் கைப்பர் என்ற இளைஞர் திரைக்கு வந்தார். பெரிதாக ஆடியவரும் இல்லை, கோச்சும் இல்லை. பால்டிமோரில் வீட்டிலிருந்தே ட்ராஃப்ட் கையேடு தயாரித்து விற்றுக்கொண்டிருந்தவர். ப்ரூக்ளினில் இன்னொருவர், ஜோயல் பக்ஸ்பாம். அபார்ட்மென்ட்டை விட்டு அதிகம் வெளியே வராமல், வீடியோ டேப்புகளையும் தொலைபேசியையும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களை எடைபோட்டு எழுதினார். 2002இல் அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் பில் பெலிசிக், அந்த வருடத் தொடக்கத்தில் சூப்பர் பவுல் வென்றிருந்த கோச்.

உள்ளே இருந்தவர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? 1994இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ட்ரென்ட் டில்ஃபர் என்ற குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு ஐந்தாவது இடத்தில் ட்ரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்தது. கைப்பர் நேரடி ஒளிபரப்பிலேயே போட்டுத் தாக்கினார். அணியின் பொறுப்பாளர் பில் டோபின் அதே ஒளிபரப்பில், யார் இந்த ஆள், இவருக்கு என்ன தகுதி என்று பதிலுக்கு வெடித்தார். ஆல்பர்ட்ஸ் காயங்களால் மூன்றே வருடத்தில் ஆட்டத்தை விட்டார். டில்ஃபர் பின்னர் ஒரு சூப்பர் பவுலை வென்றார், ஆனால் பெரிய நட்சத்திரமாகவில்லை. ஆக, தீர்ப்பு இரண்டு பக்கமும் இல்லை. ஆனால் டோபின் கேட்ட கேள்வி, அணிக்காரர்கள் வெளியாளை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நல்ல சான்று.

ரசிகர்கள் எதை வைத்து வாதாடுகிறார்கள்?

ஒரு மாக் ட்ராஃப்ட் விவாதத்தைக் கூர்ந்து பார்த்தால் வருடாவருடம் அதே மூன்று நான்கு கேள்விகள்தான் வரும். முதல் கேள்வி: தேவையா, திறமையா? அணியில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதற்கு ஆள் எடுப்பதா, அல்லது இருப்பவர்களில் ஆகச் சிறந்தவரை எடுப்பதா? இரண்டாவது: எந்த இடத்துக்கு எவ்வளவு மதிப்பு? குவார்ட்டர்பேக் ஒருவரை வைத்துப் பத்து வருடம் ஓட்டலாம். ரன்னிங் பேக் உடம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். மூன்றாவது: இந்த இடத்தை விற்றுவிட்டுப் பின்னால் இரண்டு இடம் வாங்கலாமா? இதற்கு அளவுகோலும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கௌபாய்ஸ் அணி ஒவ்வோர் இடத்துக்கும் புள்ளி போட்டு ஓர் அட்டவணை தயாரித்தது. முதல் இடத்துக்கு 3,000. அது கசிந்து லீக் முழுக்கப் பரவி, இன்று பள்ளிக்கூடப் பையன்கூட அதை வைத்துப் பேரம் பேசுகிறான்.

1999இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது இந்த மூன்று கேள்விகளும் சேர்ந்த வழக்கு. முந்தைய பருவத்தில் அணி 3 வெற்றி, 13 தோல்வி. ஆண்டி ரீட் என்ற புது கோச், அதற்கு முன் எங்கும் தலைமைக் கோச்சாக இருக்காதவர். ஊர் கேட்டது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸை. ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர், கல்லூரி ஓட்டச் சாதனையை முறியடித்தவர். மேயர் எட் ரெண்டலே அந்தக் கட்சியில் இருந்தார். ரசிகர் தரப்பு வாதம் பைத்தியக்காரத்தனம் இல்லை. அந்த வருடம் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். முதல் இடத்தில் போன டிம் கௌச் ஐந்து பருவம்தான் தாக்குப்பிடித்தார். மூன்றாவது அகிலி ஸ்மித்தும் பன்னிரண்டாவது கேட் மெக்னௌனும் சீக்கிரமே காணாமல் போனார்கள். தேறியவர்கள் மெக்னாப், பதினொன்றாவது டான்டே கல்பெப்பர் இருவர்தான். குவார்ட்டர்பேக் சூதாட்டம் என்று அந்த முப்பது பேர் பயந்தது, ஐந்தில் மூன்று பங்கு சரி.

வில்லியம்ஸ் என்ன ஆனார்? ஐந்தாவது இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் எடுத்தது. அதற்காக கோச் மைக் டிட்கா அந்த வருடத்தின் மற்ற எல்லாத் தேர்வுகளையும், அடுத்த வருடத்தின் முதல் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்தார். ஒரு பத்திரிகை அட்டையில் வில்லியம்ஸ் மணப்பெண் உடையில், டிட்கா மாப்பிள்ளையாகப் படம் வந்தது. அந்தப் பருவம் 3 வெற்றி, 13 தோல்வி; டிட்கா வேலை போனது. வில்லியம்ஸ் பின்னர் மயாமியில் 2002இல் 1,853 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். 2004இல் திடீரென ஆட்டத்தை விட்டு விலகி, மறுவருடம் திரும்பி வந்தார். கூட்டத்தைக் கண்டால் ஏற்படும் பதற்றம் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேட்டி கொடுத்ததற்கு அதுதான் காரணம். ஃபிலடெல்ஃபியா அவரை எப்படி நடத்தியிருக்கும்? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மெக்னாப் ஈகிள்ஸை ஐந்து முறை மாநாட்டு இறுதிக்கும், ஒருமுறை சூப்பர் பவுலுக்கும் கொண்டுபோனார். சூப்பர் பவுலில் 24-21 என்று தோல்வி. 2003இல் ரஷ் லிம்பா என்ற வானொலிக்காரர், கறுப்பர் என்பதால்தான் ஊடகங்கள் மெக்னாபைத் தூக்கிப் பிடிக்கின்றன என்று தொலைக்காட்சியில் பேசி, சில நாளில் பதவி விலக நேர்ந்தது. முப்பது பேர் கூச்சல் போட்டது நிறத்துக்காக இல்லை. அவர்கள் கேட்டவரும் கறுப்பரே. ஆனால் கறுப்பர் ஒருவர் குவார்ட்டர்பேக்காக நின்றால் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்த லீக் அது. 1978இல் வாரன் மூனை எந்த அணியும் ட்ராஃப்ட்டில் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பியவர் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் போனார். அந்த வரலாற்றுக்கு நடுவில் விழுந்த கூச்சல் என்பதால்தான் அதன் காயம் ஆறவே இல்லை. வருடங்கள் கழித்தும் மெக்னாப் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

யாரும் கேட்காத ஒருவர்

இவ்வளவு வாதத்திலும் ஒரு தரப்பு மட்டும் பட்டியலில் இல்லை: எடுக்கப்படுகிறவர். நீ எந்த ஊருக்குப் போக விரும்புகிறாய் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. 1983இல் ஜான் எல்வே பால்டிமோருக்குப் போக மறுத்தார். 2004இல் ஈலை மேனிங் சான் டியாகோவுக்குப் போக மறுத்தார். இருவராலும் முடிந்தது, கைவசம் வேறு வழியோ பெரிய குடும்பப் பெயரோ இருந்ததால். 1986இல் போ ஜாக்சன் டாம்பா பே அணியை உதறிவிட்டு பேஸ்பால் ஆடப் போனார். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஜேம்ஸ் ஸ்மித் என்றொருவர். பட்டப்பெயர் 'யாஸூ'. 1968இல் வாஷிங்டன் அணி முதல் சுற்றில் எடுத்தது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கழுத்தில் அடி, அத்தோடு ஆட்டம் முடிந்தது. ட்ராஃப்ட் இல்லாமல் பல அணிகள் போட்டி போட்டிருந்தால், காயத்துக்கும் காப்பு உள்ள நல்ல ஒப்பந்தம் எனக்குக் கிடைத்திருக்கும் என்று வழக்குப் போட்டார். 1976இல் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. இப்படி நடத்தப்படும் ட்ராஃப்ட் போட்டித் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியானால் ட்ராஃப்ட் ஏன் இன்னும் நடக்கிறது? 1977இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் அதைச் சேர்த்துவிட்டார்கள். சங்கம் ஒப்புக்கொண்டதற்குச் சட்ட விலக்கு உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, இன்னும் சங்கத்தில் சேராத கல்லூரிப் பையன்களின் உரிமையை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். 2010இல் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர். மறுவருடம் புது ஒப்பந்தம். முதலில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 22 மில்லியன். பெர்ட் பெல் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அப்போ யாருக்குத்தான் தெரியும்?

கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் (தேலர் 2017இல் நோபல் வாங்கியவர்) ட்ராஃப்ட்டை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே இடத்துக்கு ஆடும் இருவரை அணிகள் அடுத்தடுத்து எடுத்தால், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிட நன்றாக ஆடியது சுமார் 52 சதவீதம்தான். கிட்டத்தட்ட காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி. அணிகள் தங்கள் கண்ணை அளவுக்கு மீறி நம்பி, மேல் வரிசை இடங்களுக்கு அதிக விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் முடிவு. கோடிக்கணக்கில் செலவழிக்கும் அணிக்கே இந்த நிலைமை என்றால், வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவனை என்னத்தைச் சொல்லிக் கேலி செய்வது?

என் முடிவு இதுதான். மாக் ட்ராஃப்ட் என்பது வெட்டிப் பேச்சு இல்லை. மூடிய அறையில் முதலாளிகள் எடுத்த முடிவை வெளியே இழுத்துவந்து, காரணம் சொல்லு என்று கேட்கும் வழக்கம் அது. மாரா படித்த பேப்பரும், நன் போட்ட பட்டியலும், பக்ஸ்பாம் வீட்டு டேப்புகளும் ஒரே பரம்பரை. நன் மாதிரி ஆட்கள் கேட்டபோது அந்தக் கேள்வி அநியாயத்தையே கொஞ்சம் அசைத்தது. அந்த முப்பது பேரின் பிழை அவர்கள் கேள்வி கேட்டதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் அணி அலுவலகத்தில் இருக்க, மேடையில் நின்ற பையன் மேல் கத்தினார்கள். அந்த முடிவில் அவனுக்கும் பங்கில்லை, அவர்களைப் போலவே.

பெர்ட் பெல் 1946இல் லீக்கின் ஆணையரானார். 1959 அக்டோபரில், ஃபிலடெல்ஃபியா மைதானத்தில் ஈகிள்ஸ் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டார். 2017இல் ட்ராஃப்ட் அவர் ஊருக்குத் திரும்ப வந்தது. ஹோட்டல் அறைக்குள் இல்லை, கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டுக்கு முன்னால் திறந்தவெளியில். மூன்று நாளில் 2,50,000 பேர் வந்ததாக லீக் கணக்குச் சொன்னது. அடுத்த பிப்ரவரியில் ஈகிள்ஸ் முதன்முறையாக சூப்பர் பவுல் வென்றது. 2016 ட்ராஃப்ட்டில் பெரிய விலை கொடுத்து இரண்டாவது இடத்தில் எடுத்த கார்சன் வென்ட்ஸ் காயத்தோடு ஓரத்தில் நிற்க, 2012இல் மூன்றாவது சுற்றில் எடுத்து, அனுப்பிவிட்டு, திரும்பக் கூட்டி வந்த நிக் ஃபோல்ஸ்தான் ஜெயித்துக் கொடுத்தார். 2016இல் எந்த மாக் ட்ராஃப்ட்டும் இதைச் சொல்லியிருக்க முடியாது. அணியின் சொந்தப் பட்டியலும்தான்.

மெக்னாப் விஷயத்தில் ஒன்று பாக்கி. 2013 செப்டம்பர் 19 இரவு, அவருடைய 5ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஈகிள்ஸ் அறிவித்தது. அன்றைய எதிரணி கான்சஸ் சிட்டி. அதன் கோச், அவரை எடுத்த அதே ஆண்டி ரீட். மைதானம் நிறைய ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1999இல் நியூயார்க் போன முப்பது பேரில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களோ, இருந்திருந்தால் அவர்களும் கைதட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.